மாடி வீட்டிலிருந்து ஒரு நன்றி மடல்

அல் குவைரில் எங்களைச் சுற்றியிருந்த எல்லோருக்கும்,

நாலு வருஷ மஸ்கட் வாழ்க்கை முடிந்து அடுத்த வாரம் தஞ்சாவூருக்குத் திரும்புகிறோம். இந்த மடலுக்கு உரியவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. பரவாயில்லை, டீக்கடைச் சேட்டன் பாலக்காட்டுக்காரர், படித்துச் சொல்லிவிடுவார்.

முதல் நன்றியும் அவருக்குத்தான். வந்த இரண்டாம் நாள், பால் என்று நினைத்து ஒரு பாட்டில் வாங்கி டீ போட்டேன். திரிந்துவிட்டது. இன்னொரு பாட்டிலைப் பிரித்தேன், அதுவும் திரிந்தது. கெட்டுப்போனதை விற்கிறார்கள் என்று சண்டைக்குக் கிளம்பிய என்னை வழியிலேயே மடக்கி, "சேச்சி, இது லபன். மோர். பாலுக்கு ஹலீப்னு கேட்கணும்" என்றார். மிச்சத்தைத் தாளித்துவிட்டேன். மோர் என்று பார்த்தால் அருமையான மோர்.

அப்புறம் கீழ்வீட்டு அம்மா, எங்கள் வீட்டுச் சொந்தக்காரர். சான்சிபாரில் பிறந்தவர், 1970க்குப் பிறகு ஓமானுக்குத் திரும்பிய குடும்பங்களில் ஒன்று அவருடையது. அவருக்குக் கொஞ்சம் இந்தி, எனக்கு அதைவிடக் கொஞ்சம். ஆனால் சுவாஹிலியிலும் சப்பாத்திக்குச் சப்பாத்திதான், டீக்குச் சாய்தான். சமையற்கட்டு வரைக்கும் அது போதுமானதாக இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் அவருடைய பேத்தி வந்து "லுபான்?" என்றாள். லபன் தெரிந்துவிட்ட பெருமையில் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டில் மோரைக் கையில் கொடுத்தனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் அந்த அம்மாவே மாடியேறி வந்தார். ஒரு கையில் என் மோர் பாட்டில், இன்னொரு கையில் புகைகிற தூபக்கால். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். லுபான் என்பது சலாலா பக்கத்து மரங்களில் கீறி எடுக்கிற பிசின். அந்தப் புகை வேண்டுமா என்று கேட்கத்தான் பிள்ளையை அனுப்பியிருக்கிறார். அன்று எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தேன். ஈரத் தலையை அவரே விரித்துப் பிடித்துப் புகை காட்டினார். எங்கள் பாட்டி சாம்பிராணி போடும்போது பிடிக்கிற அதே பிடி. அன்றிலிருந்து மகன் பெயரைச் சேர்த்து என்னை 'உம்மு' என்று கூப்பிட ஆரம்பித்தார். நம் ஊரில் 'இன்னார் அம்மா' என்கிறோமே, அதேதான்.

அந்தப் பேத்திதான் எனக்குக் கணக்கு டீச்சர். காய்கறிக் கடை அட்டையில் ஒரு முட்டையும் இரண்டு புள்ளியும் இருக்கும். விலையை அழித்துவிட்டார்கள் போல என்று நினைத்திருந்தேன். அரபு எண்ணில் முட்டை என்றால் 5, புள்ளி என்றால் பூஜ்யம், ஆக 500 பைசா என்று உள்ளங்கையில் எழுதிக் காட்டினாள். நம் 7 மாதிரி இருப்பது 6. 1000 பைசா ஒரு ரியால் என்பதில் மட்டும் இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான்.

ஒரு டாக்சிக்காரருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆரஞ்சும் வெள்ளையுமான இந்த டாக்சிகளை ஓட்டுபவர்கள் ஓமானியர்கள்தான். குரியாத் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சாலைக்குக் குறுக்கே வாதியில், அதாவது மழை பெய்தால் ஓடும் காட்டாற்றில், கணுக்கால் அளவுதான் தண்ணீர். அவரோ வண்டியை ஓரங்கட்டி, "கலாஸ்", அவ்வளவுதான் என்று சாவியைத் திருகி எடுத்துவிட்டார். காத்திருந்ததற்கு காசு கேட்கப் போகிறார் என்று மனசுக்குள் திட்டினேன். அரை மணி நேரத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஏறி, ஒரு பிளாஸ்டிக் தொட்டி எங்கள் முன்னால் உருண்டு போனது. அவர் ஃபிளாஸ்கிலிருந்து ஏலக்காய் மணக்கிற காவா என்கிற அரபுக் காபியும் பேரீச்சம்பழமும் கொடுத்தார். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்ட வேண்டும் என்று தெரியாமல் ஐந்து தடவை குடித்தேன். பேசிய காசுக்கு மேல் ஒரு பைசா வாங்கவில்லை. அண்ணே, அன்றைக்குத் திட்டியதற்கு மன்னியுங்கள்.

வெள்ளி, சனி லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்புகிற என் எரிச்சலையெல்லாம் ஃபோனில் கேட்டுக்கொண்ட ரூவிப் பகுதி அக்காக்களே, உங்களுக்குத் தனியாக வீட்டுக்கு வந்து சொல்கிறேன்.

கீழ்வீட்டு அம்மாவுக்கு இன்னொன்று. என் கறிவேப்பிலைச் செடியை உங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன். கோடையில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும், கீசரை அணைத்துவிட்டு அதில் ஆறிய தண்ணீரில் குளி என்று சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். செடிக்கும் அந்தத் தண்ணீரையே ஊற்றுங்கள்.

உங்கள்,
மாடி வீட்டு உம்மு