மேசைகளையும் கட்டில்களையும் காப்பாற்றித் தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

மே மாதம் கடைசித் தேர்வு முடிந்த அன்று மாலை நம் விடுதி வாசலைப் பார்த்தவர்களுக்கு, இந்த மடல் எதைப் பற்றியது என்று சொல்லாமலே புரியும். மடக்குக் கட்டில்கள், மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், புத்தக அடுக்குகள், வாளிகள். விடுதியிலும் வெளியே அறை எடுத்தும் தங்கியிருந்தவர்கள் விட்டுப்போனவை. பஸ்ஸில் ஊருக்குப் போகிறவர் கட்டிலை எங்கே ஏற்றுவார்? முந்தைய ஆண்டுகளில் இவையெல்லாம் கோடை மழையில் நனைந்து, கடைசியில் குப்பை வண்டியில் ஏறின. இந்த ஆண்டு அப்படி நடக்கவில்லை. நம் நாட்டு நலப்பணித் திட்டக் குழு அவற்றைச் சேர்த்துவைத்து, பழுது பார்த்து, புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு விற்றது. நடக்காமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு எல்லார் முன்னிலையிலும் நன்றி சொல்ல வேண்டும்.

முதல் நன்றி விடுதிக் காப்பாளர் ஐயாவுக்கு. பொருட்களைச் சேர்ப்பதைவிட வைத்துக் காப்பதுதான் பெரும்பாடு. விட்டுப்போகிறவர்கள் மே மாதத்தில் போய்விடுகிறார்கள். வாங்க வேண்டியவர்கள் புது வகுப்பு தொடங்கும்போதுதான் வருகிறார்கள். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த துகள்பலகை மேசை ஒரு மழையில் நனைந்தால் போதும், ஓரமெல்லாம் உப்பி உதிர்ந்துவிடும். பழைய சைக்கிள் கொட்டகையைத் திறந்துவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்தபோது ஐயா கேட்டது ஒன்றுதான்: "வகுப்பு தொடங்கி ஒரு மாதத்துக்குள் காலி செய்துவிடுவீர்களா?" செய்துவிட்டோம் ஐயா.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்த தச்சர் அண்ணனைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். துகள்பலகையில் திருகாணி ஒருமுறை பிடி விட்டுவிட்டால் அதே துளையில் மறுபடி நிற்காது. இது தெரியாமல் பெரிய திருகாணிகளாக முறுக்கி இரண்டு மேசைகளை நாங்களே கெடுத்திருந்தோம். அண்ணன் துளையைச் சற்று அகலமாக்கினார். மரக்குச்சி ஒன்றைச் சீவி, ஃபெவிகால் தடவி, சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்கினார். மறுநாள் அது காய்ந்து இறுகிய பிறகு, குச்சியின் நடுவில் திருகாணியை ஏற்றினார். பிறகு மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அசைத்துப் பார்த்தார். மேசை ஆடவில்லை. தேறாத மேசைகளின் கால்களைக்கூட அவர் வீசவில்லை. கழற்றி அளவு வாரியாக அடுக்கிவைத்திருக்கிறார், அடுத்த ஆண்டுக்கு.

மெத்தைகளை நினைத்துத்தான் எனக்குப் பயம். ஓர் அறையில் புகுந்த மூட்டைப்பூச்சி விடுதி முழுவதும் பரவிவிடும். அதனால் ஃபோம் மெத்தை ஒன்றைக்கூட விற்கவில்லை. இலவம்பஞ்சு மெத்தைகளை மட்டும், மெத்தை தைக்கும் பெரியவர் பிரித்து, பஞ்சை வெயிலில் உலர்த்தி அடித்து, புது உறையில் அடைத்துத் தைத்துக் கொடுத்தார். இரும்புக் கட்டில்களின் மூட்டுகளில் ஊற்றுவதற்கு மெஸ் அக்காமார்கள் அண்டா அண்டாவாகக் கொதிநீர் வைத்துத் தந்தார்கள். சேலத்து மே வெயிலில், அதுவும் அடுப்படியில் நின்று.

இலவசமாகவே கொடுத்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சும்மா கொடுத்தால் வாங்குகிறவர் கூச்சத்தோடு நிற்பார். காசு கொடுத்தால் "இந்தக் கால் ஆடுகிறதே" என்று உரிமையோடு கேட்பார். நாற்காலி 100 ரூபாய், மேசை 300 ரூபாய். தச்சுக் கூலியும் தையல் கூலியும் போக மிஞ்சிய பணத்தில் கொட்டகைக் கூரையின் ஒழுக்கை அடைத்தோம்.

ஏற்காடு மலை நாகலூரிலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்திருந்தார். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் இறங்கி ஏற முடியாது என்று மகளுக்கு ஐந்து ரோடு பக்கம் அறை பார்த்திருந்தார். ஒரு மேசையின் இழுப்பறையை மூன்று முறை இழுத்து மூடிப் பார்த்தார். உள்ளே யாரோ பென்சிலில் எழுதிவைத்திருந்த தேர்வு அட்டவணை தெரிந்தது. அழித்துத் தரட்டுமா என்றேன். "வேண்டாம் அக்கா, இருக்கட்டும்" என்றாள் அந்தப் பெண். அந்த மேசையை அறை வரை கொண்டுபோய் இறக்கிவிட்டு வாடகை வாங்க மறுத்த குட்டியானை ஓட்டுநர் அண்ணனுக்கும் என் நன்றி.

கால் விரிசல் விட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளை என்ன ஒட்டினாலும் பாரம் தாங்காது. அவற்றைக் கண்ணெதிரே எடை போட்டு எடுத்துக்கொண்ட காயலான் கடைக்காரருக்கும் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். யாரென்று தெரியவில்லை. தன் கட்டிலைத் தானே கழற்றி, நட்டு போல்ட்டுகளை ஒரு கைக்குட்டையில் முடிந்து, கட்டில் சட்டத்திலேயே கட்டிவைத்துவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார். நீங்கள் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள்: முடிச்சை அவிழ்த்துப் பூட்டினோம், ஒன்றுகூடக் குறையவில்லை.

நன்றியுடன்,
நாட்டு நலப்பணித் திட்டக் குழுவின் சார்பில்,
மூன்றாம் ஆண்டு மாணவி,
சேலம்.