அரசு வானொலிகள் எல்லாம் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டு அரசுகள் நடத்தும் ஊடகங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தகவல்கள் நிறைய இருந்தன. ஆனால் பிபிசி, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா, சீன வானொலி, ரஷ்யாவின் ஆர்டி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, எல்லாமே அரசுப் பணத்தில் நடக்கும் பிரசாரம்தான் என்று முடித்திருந்தது எனக்குச் சரியாகப் படவில்லை. கேட்க நடுநிலையாகத்தான் இருக்கிறது. இந்த வானொலிகளை வருடக்கணக்கில் நம்பிக் கேட்ட தமிழர்களின் அனுபவம் வேறு.

பிபிசி தமிழோசையையே எடுத்துக்கொள்வோம். 1941 மே 3-ஆம் தேதி, உலகப் போரின் நடுவே, தொடங்கிய ஒலிபரப்பு அது. பிரிட்டன் தன் போருக்கு ஆதரவு தேடித்தான் அதைத் தொடங்கியது, அதில் சந்தேகமே வேண்டாம். 2014 வரை பிபிசி உலக சேவை பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் மானியத்தில்தான் ஓடியது. அப்படிப்பட்ட ஒலிபரப்பைக் கேட்க யாழ்ப்பாணத்து மக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1990களின் முதல் பாதியில் அங்கே மின்சாரம் கிடையாது. பொருளாதாரத் தடையால் பேட்டரியும் கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து ஒயர் இழுத்து ரேடியோவில் மாட்டி, இரவு ஒன்பதேகால் மணிச் செய்தியைக் கேட்பார்கள். சுற்றுகிறவர் கை சளைத்தால் குரல் இறங்கிவிடும், உடனே இன்னொருவர் வந்து பிடித்துக்கொள்வார். அங்கிருந்து வந்தவர்கள் பலர் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு பக்கம் இலங்கை அரசின் வானொலி, இன்னொரு பக்கம் புலிகளின் வானொலி. இரண்டுமே தங்கள் தரப்பைத்தான் சொல்லும். அந்த நிலையில் மூன்றாவதாக ஒரு குரல் தேவைப்பட்டது, அது லண்டனிலிருந்து வந்தது.

அந்தக் குரல் கொழும்புக்கு எவ்வளவு உறுத்தியது என்பது போரின் கடைசி மாதங்களில் தெரிந்தது. பிபிசியின் செய்திகளை அரசு வானொலியான இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தன் பண்பலை வரிசைகளில் ஒலிபரப்பி வந்தது. இடையிடையே செய்திகளை வெட்டினார்கள், சில நாட்கள் முழுதாகவே நிறுத்தினார்கள். 2009 பிப்ரவரியில், இப்படி வெட்டிப் போடுவதானால் செய்தியே தரமாட்டோம் என்று பிபிசி விலகிக்கொண்டது. பிறகு திரும்ப வந்தது. 2013 மார்ச்சில், ஜெனீவாவில் மனித உரிமைக் கவுன்சில் இலங்கையைப் பற்றி விவாதித்த அதே நாட்களில், தமிழ் ஒலிபரப்பில் மறுபடி கை வைத்தார்கள். பிபிசி மறுபடியும் விலகியது. இரண்டுமே அரசோடு தொடர்புள்ள நிறுவனங்கள்தான். ஆனால் ஒன்றின் செய்தியறை வெட்டச் சம்மதிக்கவில்லை, இன்னொன்று கத்திரியோடு நின்றது. இவை இரண்டையும் ஒரே பெயரில் எப்படி அழைப்பது?

அரசுப் பணம் வருகிறதா என்று கேட்டால் இவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்தான் கிடைக்கும். பணம் தருகிறவர் செய்தியறைக்குள் எதுவரை கையை நீட்டலாம், நீட்டினால் தடுக்கச் சட்டம் இருக்கிறதா, அந்தச் சட்டத்துக்கு ஆயுள் எவ்வளவு? கட்டுரையாளர் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆயுள் என்று சொல்லக் காரணம் அமெரிக்கா. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1942 பிப்ரவரியில் தொடங்கியபோது, செய்தி நல்லதானாலும் கெட்டதானாலும் உண்மையைச் சொல்வோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் பேச ஆரம்பித்தது. செய்தி துல்லியமாகவும் முழுமையாகவும் இருக்கவேண்டும் என்று 1976-ல் அதற்குச் சட்டமே வந்தது. அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம். இவ்வளவு காவல் இருந்தும் என்ன ஆயிற்று? 2025 மார்ச் 14 அன்று அதிபர் டிரம்ப் ஒரு ஆணை போட்டார். மறுநாளே 1,300 பேருக்கு மேல் விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். 83 வருடங்களில் முதல்முறையாக அந்த வானொலி வாயடைத்துப் போனது. வழக்குகள் நீதிமன்றத்துக்குப் போயின, அது வேறு கதை. பழைய கந்தலைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று சீன ஆளுங்கட்சியின் நாளிதழான குளோபல் டைம்ஸ் தலையங்கம் எழுதிச் சந்தோஷப்பட்டது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தாவது, அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அப்புறம் சீன வானொலி. இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருவதில்லை, வருத்தம்தான். 1962 போர் முடிந்த மறுவருடம், 1963 ஆகஸ்ட்டில் பெய்ஜிங்கிலிருந்து தமிழ் ஒலிபரப்பு தொடங்கியது. பேசுகிறவர்கள் சீனர்கள். தமிழ் படித்து, கலைமகள், வாணி என்று தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு, அவ்வளவு சுத்தமாக உச்சரிப்பார்கள். நம் ஊர்களில் அதற்கு நேயர் மன்றங்கள் இருந்தன. ஒலி எப்படி வருகிறது என்று அஞ்சலட்டையில் எழுதிப் போட்டால், அழகான படம் போட்ட வண்ண அட்டை வரும், காலண்டர் வரும், காகிதத்தில் வெட்டிய பூ வரும். பொது அறிவுப் போட்டியில் வென்றவர்களைச் சீனாவுக்கே அழைத்துப் போனார்கள். ஒரு சிற்றூர் நேயரின் கடிதத்தை இத்தனை மரியாதையோடு நடத்திய வெளிநாட்டு வானொலி வேறு எதுவும் எனக்குத் தெரியாது. அந்த அறிவிப்பாளர்களின் தமிழ்ப் பற்றை நான் ஒரு நாளும் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் அவர்கள் தலைக்கு மேல் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். 2016 பிப்ரவரியில் ஷி ஜின்பிங் சீன அரசு ஊடகங்களின் அலுவலகங்களுக்கு நேரில் போய், ஊடகம் கட்சியின் குடும்பப் பெயரைத் தாங்கவேண்டும், அதாவது கட்சிக்கே சொந்தமாக இருக்கவேண்டும் என்று சொன்னார். 2018-ல் சீன வானொலி, தேசிய வானொலி, மத்தியத் தொலைக்காட்சி மூன்றையும் ஒன்றாக்கிக் கட்சியின் பிரசாரத் துறையின் கீழ் கொண்டுபோனார்கள். 2020 ஜூனில் கல்வானில் இந்திய வீரர்களோடு நடந்த மோதலில் இறந்த தன் வீரர்கள் நால்வரைப் பற்றிச் சீன அரசு வெளியே சொல்ல 2021 பிப்ரவரி ஆயிற்று. அந்த எட்டு மாதமும், தலைமை சொல்லாத ஒன்றைத் தமிழில் நமக்குச் சொல்ல அந்த அறிவிப்பாளர்களுக்கு வழியே கிடையாது. எத்தனை அன்பானவர் மைக் முன்னால் உட்கார்ந்தாலும் இதுதான் நிலை.

நம் பக்கம் என்ன நிலை என்பதையும் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் நியாயமாகாது. அந்நிய ஒலிபரப்பு என்றால் டெல்லி எப்போதும் உஷாராகத்தான் இருந்திருக்கிறது. திருகோணமலைப் பக்கம் ஜெர்மனியின் டாய்ச்ச வெல்லே வானொலி மறு ஒலிபரப்பு நிலையம் வைத்திருந்தது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவும் இலங்கையில் தன் ஒலிபரப்பு வசதியைப் பெரிதாக்க ஒப்பந்தம் போட்டிருந்தது. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் இதற்கென்றே ஒரு வரி உண்டு: வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களின் வசதிகள் ராணுவத்துக்கோ உளவுக்கோ பயன்படாமல் பொது ஒலிபரப்புக்கு மட்டும் பயன்படுகிறதா என்று இலங்கை மறுபரிசீலனை செய்யும். சரி, அந்தக் கவலையைத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் மற்றவர் குரலைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட நாம், நம் குரலை அந்த மக்கள் நம்பும்படி வைத்திருக்கிறோமா?

ஆகாசவாணியின் வெளிநாட்டு ஒலிபரப்பு 1939-லேயே தொடங்கியது. இலங்கைத் தமிழர்களுக்காகத் தூத்துக்குடியில் 200 கிலோவாட் மத்திய அலை நிலையம் இருக்கிறது. கடலைத் தாண்டி மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சாதாரண ரேடியோவில் தெளிவாகக் கேட்கும். பாட்டுக்காகக் கேட்பார்கள். செய்திக்காக? ஆகாசவாணியை நடத்தும் பிரசார் பாரதி நிறுவனத்துக்கான சட்டம் 1990-லேயே வந்துவிட்டது, 1997-ல் நடைமுறைக்கும் வந்தது. தன்னாட்சி என்று பெயர். அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு, நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது அமைதி போன்ற காரணங்களைச் சொல்லி, இதை ஒலிபரப்பாதே, இதை ஒலிபரப்பு என்று மத்திய அரசு உத்தரவிட இடம் தருகிறது. சம்பளமும் மத்திய அரசு தரும் மானியத்தில்தான்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் இருப்பவன் என்பதால் இதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். நம் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துப்போகும் செய்தி உடனே வருகிறது. வரத்தான் வேண்டும், அந்தக் குடும்பங்களின் கண்ணீரை நேரில் பார்க்கிறவன் நான். ஆனால் இங்கிருந்து போகும் இழுவைமடிப் படகுகளால் வலை அறுந்து, கடனில் நிற்கும் மன்னார் மீனவரும் தமிழர்தான். அவருடைய பேட்டி, அவருடைய கணக்கு, அவருடைய கோபம் தூத்துக்குடி நிலையத்திலிருந்து அதே நாளில், அதே அளவு நேரம் ஒலிக்க வேண்டும். அப்படி ஒலித்தால் மறுகரையில் பாட்டு முடிந்த பிறகும் ரேடியோவை அணைக்கமாட்டார்கள். இதற்குக் கூடுதல் கிலோவாட் எதுவும் வேண்டாம். 23-ஆம் பிரிவின் உத்தரவு வெளிநாட்டு ஒலிபரப்பின் செய்திகளைத் தொடாது என்று சட்டத்தில் ஒரு திருத்தமும், உத்தரவு எது வந்தாலும் அதை நேயர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்ற விதியும் போதும். தமிழக எம்.பி.க்கள் யாராவது இதைத் தனிநபர் மசோதாவாகவாவது கொண்டுவர வேண்டும்.

தங்கள் இதழுக்கும் ஒரு கோரிக்கை. வெளிநாட்டு ஊடகங்களிலிருந்து எடுத்துப் போடும் செய்திகளுக்குக் கீழே நிறுவனத்தின் பெயரை மட்டும் போடுகிறீர்கள். அரசு ஊடகம் என்ற ஒரு முத்திரையைச் சேர்ப்பதாலும் பயனில்லை. 2023 ஏப்ரலில் டுவிட்டர் அப்படித்தான் அமெரிக்காவின் என்பிஆர் என்ற தன்னாட்சிப் பொது வானொலிக்கும் ரஷ்ய, சீன அரசு ஊடகங்களுக்கு வைத்த அதே முத்திரையைக் குத்தி, எதிர்ப்பு வந்ததும் அந்த மாதமே எல்லா முத்திரைகளையும் எடுத்துவிட்டது. பணம் எங்கிருந்து வருகிறது, தலைமை ஆசிரியரை நியமிப்பது யார், அரசு அவருக்கு உத்தரவிட முடியுமா என்ற மூன்று விவரங்களை இரண்டு வரியில் போடுங்கள். ஆகாசவாணிச் செய்தியை எடுத்துப் போடும்போதும் அதே இரண்டு வரி இருக்கட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
ராமநாதபுரம்.