ஆயா பெயரே நின்றது: நம் ஊர் மக்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊர் மக்களுக்கு வணக்கம்.

நேற்று மதியம் கடிதம் கைக்கு வந்தது. புது மண்டபத்துக்கு 'டேவான் ஆயா', அதாவது ஆயா மண்டபம், என்ற பெயரையே நகராண்மைக் கழகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. மூன்று தடவை படித்தும் மனசு அடங்கவில்லை. கடிதத்தை அம்மா படத்துக்கு முன்னால் வைத்து விளக்கேற்றிவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் போன் செய்தேன். நம் ரப்பர் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்களின் பெயரைத்தான் மண்டபத்துக்கு வைக்க வேண்டும் என்று கமிட்டி போட்டு, ஊரெல்லாம் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தோம். இந்த ஐந்து மாதமாக என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைத் திரும்பக் கிளற வேண்டாம். நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நன்றி மக்சிக்குக்கு. முச்சந்தியில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கிற மலாய்க்கார அம்மா, நம் மக்சிக்தான். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போடவில்லை.

கையெழுத்துப் புத்தகத்தைக் கோயிலில் வைத்தால் கோயிலுக்கு வருகிறவர்கள் மட்டும்தான் போடுவார்கள். மக்சிக் கடை அப்படியில்லை. விடிந்தும் விடியாமலும் செம்பனை லாரி ஓட்டுகிறவர்கள் முதல் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வருகிற தாய்மார் வரை எல்லாரும் பசியாற நிற்கிற இடம். "ஒரு மூலையில் இருக்கட்டும் மக்சிக், நாங்கள் வந்து பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி வைத்துவிட்டு வந்தோம். நாங்கள் கேட்ட உதவி அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலையில் போனேன். புத்தகத்துக்குப் பக்கத்தில் புத்தம் புது ஸ்டாம்ப் பேட் ஒன்று. அதன் பக்கத்தில் நாலாக மடித்த ஈரத்துணி. இது என்ன மக்சிக் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். நம் வீட்டுப் பாட்டிமார் வருகிறார்களாம், பேனாவை எடுக்கிறார்களாம், கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்துவிட்டு "அப்புறம் வருகிறேன்" என்று கீழே வைத்துவிட்டுப் போகிறார்களாம். முதல் நாள் இரண்டு பேர், மறுநாள் நாலு பேர். ஏன் போகிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கடையைக் கட்டியதும் தன் காசில் ஸ்டாம்ப் பேட் வாங்கி வந்துவிட்டார். கமிட்டியில் நாங்கள் பதினோரு பேர் இருந்தோம். இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் அங்கே நிற்கும்போதே ஒரு பாட்டி வந்தார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். மக்சிக் அகப்பையை வைத்தார், கையைத் துடைத்தார், சுற்றிக்கொண்டு வந்து பாட்டி பக்கத்தில் குனிந்து நின்றார். பெருவிரலை மெதுவாகப் பிடித்து மையில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருட்டி, புத்தகத்தில் வைத்து எடுத்தார். பிறகு விரல் மடிப்பில் இருந்த மையை ஈரத்துணியால் துடைத்துவிட்டார். "சியாப்பா நாமா, நெனெக்?" என்று மலாயில் பாட்டியின் பெயரைக் கேட்டார். பாட்டி சொன்னதைத் தன் குண்டு குண்டு எழுத்தில் எழுதி, எழுதியதை வாய்விட்டுப் படித்து, சரியா என்றும் கேட்டுக்கொண்டார். பாட்டி தலையை ஆட்டிய பிறகுதான் அகப்பையைத் திரும்ப எடுத்தார். பின்னால் ஏழெட்டுப் பேர் பொட்டலத்துக்குக் காத்திருந்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

கைநாட்டு நம் வீடுகளில் சின்ன விஷயம் இல்லை. தோட்டத்தில் சம்பள நாளில் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டுக்கு முன்னால் வரிசையில் நின்று, எவ்வளவு எழுதியிருக்கிறது என்று தெரியாமலே விரலை வைத்துவிட்டு வந்தவர்கள் நம் பாட்டிமார். என் அம்மாவின் பெயர் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருந்தது. எது சரி என்று எந்த மேசையிலும் அவரைக் கேட்டதில்லை. மக்சிக் கேட்டார். அதை என்னால் மறக்க முடியாது.

நடுவில் ஒரு சிக்கல் வந்ததே, ஞாபகம் இருக்கும். 'ஆயா' என்றால் மலாயில் அப்பா (ayah) என்றுதானே படிப்பார்கள், குழப்பம் வரும் என்றார்கள். அன்றைக்கு எங்களுக்கு வாயடைத்துப்போனது நிஜம். மக்சிக்கிடம் போய்ச் சொன்னால் அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அப்பாவுக்குக் கடைசியில் எச் இருக்கிறது, இதற்கு இல்லை" என்றார். அதோடு விடவில்லை. அன்றிலிருந்து பொட்டலம் கட்டிக்கொண்டே வருகிறவர்களுக்கெல்லாம் ஆயா என்றால் யார் என்று விளக்கினார். புத்தகத்தின் பிற்பாதியில் மலாய், சீனப் பெயர்கள் அத்தனை இருப்பதற்கு அதுதான் காரணம்.

தோட்டம் போய் இந்தத் தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி, வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மண்டபம் நிற்கிற அதே இடத்தில்தான் ஆயாக் கொட்டகை இருந்தது. வெயில் ஏறினால் ரப்பர் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மர நிரைக்குள் இறங்குவார்கள். பால் குடிக்கிற பிள்ளையை என்ன செய்வது? ஆயாவிடம் விடுவார்கள். வரிசையாகத் துணித்தொட்டில் தொங்கும். ஒன்றை ஆட்டிவிட்டு அடுத்ததுக்குப் போவதற்குள் முதல் பிள்ளை அழும். இரண்டு ஆயாக்கள் முப்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். நானும் அந்தத் தொட்டிலில் கிடந்தவள்தான். தோட்டத்தை விட்டுப் போகும்போது அந்த ஆயாக்களுக்கு யாரும் மாலை போடவில்லை, பெயர்ப்பலகை வைக்கவில்லை.

துன் சம்பந்தன் பெயரை வைக்கலாம் என்றும் சிலர் சொன்னார்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி வைத்த மனிதர். அவர் பெயருக்கு மறுப்புச் சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆனால் கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பெரிய சாலையே அவர் பெயரில் இருக்கிறது. ஆயாவுக்கு ஒரு சந்துகூட இல்லை என்றதும், அந்தப் பேச்சை எடுத்தவர்களே முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். தாமான் பெயரையே மண்டபத்துக்கும் வைத்துவிட்டால் வேலை சுலபம் என்று நினைத்தவர்கள் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குக் கொட்டகை தெரியாது. நாம்தான் இதற்கு முன் சொல்லாமல் இருந்துவிட்டோம்.

ஒரு புத்தகத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்று என் மகன் கேட்டான். நம் மலேசியாவில் 1965இல் ஊராட்சித் தேர்தலை நிறுத்திவிட்டார்கள். நகராண்மைக் கழக உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தில் எழும்பிய மண்டபத்தின் பெயரை ஓட்டுப் போட்டுச் சொல்ல நமக்கு வழியில்லை. நம் கையில் இருந்தது அந்தப் புத்தகம் ஒன்றுதான்.

மனுவை நல்ல மலாயில் எழுதித் தந்த ஓய்வு பெற்ற ஆசிரியர், நகல் எடுத்ததற்குக் காசு வாங்க மறுத்த பேனா கடை அங்கிள், வீடு வீடாக மோட்டாரில் அலைந்த இளைஞர்கள், கொட்டகையின் பழைய படத்தைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்துத் தந்த குடும்பம், கூட்டத்துக்குக் கூட்டம் சலிக்காமல் விஷயத்தை எடுத்துப் பேசிய நகராண்மைக் கழக உறுப்பினர், கோயில் கமிட்டி, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கூட்டத்துக்கெல்லாம் தேத்தண்ணி போட்டுக் கொடுத்த ஆன்ட்டிமார், எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி. யாரையாவது விட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். தூங்கி இரண்டு நாளாகிறது.

புத்தகம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. சில பக்கங்களில் சம்பல் எண்ணெய் பட்டிருக்கிறது. கைநாட்டுகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் மக்சிக்கின் குண்டு எழுத்து. அந்தப் பெயர்களையெல்லாம் ஒன்றுவிடாமல் தமிழிலும் எழுதப்போகிறேன். வைத்தவர்களின் வீட்டுக்கே போய், எப்படி எழுத வேண்டும் என்று கேட்டு எழுதப்போகிறேன். திறப்பு விழாவுக்கு முன்னால் முடித்துவிடுவேன். இது என் சொல்.

மக்சிக் தமிழ் படிக்கமாட்டார். நாளைக் காலையில் பசியாறப் போகும்போது இதை அவருக்கு மலாயில் சொல்லிக் காட்டப்போகிறேன். அவருடைய கடைசி மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். மக்சிக், விருந்தை நம் மண்டபத்திலேயே வையுங்கள். வெங்காயம் உரிப்பது, பாத்திரம் கழுவுவது, நாற்காலி அடுக்குவது எல்லாம் எங்கள் பொறுப்பு. எந்த மாதம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஆயாக் கொட்டகையில் வளர்ந்த ஒருத்தி