பிரிண்டரைப் பற்றி நீ கேட்டது

அன்புள்ள மகளுக்கு,

வேளைக்குச் சாப்பிடு. அன்று பேசியபோது உன் குரல் கம்மியிருந்தது. ஜலதோஷம் என்றால் ஆவி பிடி.

அம்மாவின் நோட்டுகளைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். நாலு நோட்டையும் ஸ்கேன் செய்து ஒரே வேர்ட் கோப்பில் வைத்திருந்தேன் அல்லவா, அது பிடிஎஃப் ஆக முக்கால் மணி நேரம் ஆனது. இப்போது மூன்றே நிமிடம். நானே கண்டுபிடித்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

படங்கள் ஒரு காரணம். 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, போதும் என்று நீ சொன்னாய். அம்மாவின் எழுத்தில் ஒரு சுழிகூட மங்கக் கூடாது என்று நான்தான் 600 வைத்தேன். ஒரு ஏ4 பக்கம் 300-இல் 2480-க்கு 3508 புள்ளிகள். 600 வைத்தால் அகலமும் நீளமும் இரட்டிப்பு, ஆக நாலு மடங்கு. எல்லாவற்றையும் 300-க்குக் குறைத்தேன். எழுத்து அப்படியே இருக்கிறது. நேரம் பாதியானது. ஆனாலும் கோப்பைத் திறந்தவுடன் திரை உறைந்து நிற்பது போகவில்லை.

கணினி என்ன வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். சிபியு 4 சதவீதம், டிஸ்க் சும்மா இருந்தது. வேலையே நடக்கவில்லை, எதற்கோ காத்துக்கொண்டிருந்தது. இணையத்தில் தானாக நகல் ஏற்றும் ஒத்திசைவு ஃபோல்டரிலிருந்து கோப்பை வெளியே எடுத்துப் பார்த்தேன், பலனில்லை. அப்போதுதான் நீ போனில் கேட்டது நினைவுக்கு வந்தது: "அப்பா, இயல்பு பிரிண்டராக எது இருக்கிறது?"

நாம் எதையும் தேர்ந்தெடுக்காதபோது கணினி தானாக எடுத்துக்கொள்ளும் பிரிண்டராக, நீ எடுத்துச்சென்ற அந்தப் பிரிண்டர்தான் இருந்தது. பக்கத்தை அமைப்பதற்கு மென்பொருள் இயல்பு பிரிண்டரின் விவரங்களைக் கேட்குமாம். பதில் வராவிட்டால் வெகுநேரம் காத்திருக்குமாம். அதைக் கணினிக்குள்ளேயே இருக்கும் 'பிரிண்ட் டு பிடிஎஃப்' என்று மாற்றினேன். விண்டோஸ் தானாக மாற்றிக்கொள்ளும் வசதியையும் நிறுத்தினேன். உடனே திறந்தது.

நீ கேட்டபோது நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "பிரிண்ட் எடுக்கிறேன் என்று சொன்னேனா? தெரியாததைப் பேசாதே" என்றேன். இந்த வேலையில் உன்னைத் தேடி எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறவன், உன்னிடம் அப்படிச் சொன்னேன். அதற்குப் பிறகு நீ, "அப்பா, இன்னொரு விஷயம்" என்று தொடங்கினாய். அது என் காதில் விழுந்தது. விழுந்தும் போனை வைத்தேன். இருபத்திரண்டு நாளாகிறது. நீயாவது மறுபடி அழைத்திருக்கலாம். இல்லை, நான்தான் அழைத்திருக்க வேண்டும்.

பிடிஎஃப் அனுப்பியிருக்கிறேன். நகல் எடுத்து இரண்டு இடத்தில் வை. 63-ஆம் பக்கத்தில் மை கொட்டியிருக்கிறதே, அதன் ஓரத்தில் உன் பெயரை எழுதிப் பார்த்திருக்கிறாள். நீ பிறப்பதற்கு முந்தைய தேதி.

வேளைக்குச் சாப்பிடு. போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். குளிக்கப் போயிருந்தால் எடுக்க முடியாது, இன்னொரு முறை அடி.

அப்பா