பாலர் வகுப்புக்கு அனுப்பி என்ன பயன் என்று கேட்ட பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

"பாலர் வகுப்புக்குப் போன பிள்ளையும் போகாத பிள்ளையும் மூன்றாம் வகுப்பில் ஒரே மார்க்தான் வாங்குதுங்க, அப்புறம் எதுக்கு நாலு வயசுலயே எழுப்பி அவ்வளவு தூரம் பஸ்ஸில் அனுப்பணும்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்த மார்க். நம்முடையது சின்னப் பள்ளி. வகுப்பில் 14 பேர் இருந்தால், தேர்வன்று ஒரு பிள்ளை காய்ச்சலில் சொதப்பினாலே தேர்ச்சி 7 சதவீதம் இறங்கிவிடும். அடுத்த ஆண்டு கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து வந்தால் அதேபோல் ஏறிவிடும், அதில் எங்கள் சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது. அதனால் ஓராண்டு மார்க்கை வைத்துப் பாலர் வகுப்பைப் புகழவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். வட்டாரத்துப் பள்ளிகள் எல்லாவற்றையும் சேர்த்து, நாலைந்து ஆண்டுகளைப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும். அப்போதும், பாலர் வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பஸ் நிற்கிற சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள், உள்ளே தள்ளி இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் வருவதே இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த இரண்டு கூட்டத்தையும் நேருக்கு நேர் ஒப்பிட்டால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

சரி, கேள்வியில் உண்மை இல்லையா என்றால், இருக்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாந்தி என்ற ஊரில் 1962 முதல் 1967 வரை பெர்ரி பாலர் பள்ளி ஆய்வு நடந்தது. ஏழைக் குடும்பத்துக் குழந்தைகள் 123 பேரில் ஒரு பகுதியினரைப் பாலர் பள்ளியில் சேர்த்தார்கள், மற்றவர்களைச் சேர்க்கவில்லை. சேர்ந்தவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் சடசடவென்று ஏறி, பள்ளிக்கு வந்த சில ஆண்டுகளில் அந்த வித்தியாசம் காணாமலே போய்விட்டது. அதோடு விட்டிருந்தால் நீங்கள் கேட்டதே தீர்ப்பாகியிருக்கும். ஆனால் அவர்களை 40 வயது வரை விடாமல் கவனித்தார்கள். பாலர் பள்ளிக்குப் போனவர்களில் அதிகம் பேர் உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்தார்கள், அதிகம் சம்பாதித்தார்கள், போலீஸில் மாட்டியது குறைவு. இதில் பலர் சொல்லாமல் விடுகிற ஒன்று, அங்கே ஆசிரியை வாரம் ஒருமுறை வீட்டுக்கே போய் அம்மாவோடும் பிள்ளையோடும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அதே அமெரிக்காவில் டென்னசி மாநில அரசின் பாலர் வகுப்புகளில் இடத்துக்குப் போட்டி இருந்ததால் குலுக்கல் முறையில் சேர்த்தார்கள். இடம் கிடைத்தவர், கிடைக்காதவர் என்று ஏறத்தாழ 3,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த முடிவு 2022இல் வந்தது. பாலர் வகுப்பு முடிந்தபோது முன்னால் நின்ற பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள், ஒழுங்குப் புகார்களும் அவர்கள் மேல்தான் கூடுதல். படித்ததும் எனக்கே திக்கென்றது.

ஆக, பாலர் வகுப்பு என்று பலகை மாட்டிவிட்டால் மட்டும் எதுவும் நடக்காது. உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். நம் வகுப்பில் மதியம் ஒரு பிள்ளை எல்லோருக்கும் டம்ளர் வைக்கும். "ஆளுக்கு ஒண்ணு" என்று வைத்துக்கொண்டே வந்து கடைசியில் ஒருவருக்கு இல்லாமல் போகும்போது திரும்ப எண்ணும், இரண்டு பேருக்கு ஒரே டம்ளரைக் காட்டி எண்ணியதைத் தானே கண்டுபிடிக்கும். ஆசிரியை வாயைத் திறக்க மாட்டார். இதுதான் கணக்குப் பாடம். கதை சொல்லும்போது பக்கத்தைத் திருப்புவதற்கு முன் நிறுத்தி "இப்ப என்ன ஆகும்?" என்பார். வீட்டில் ஒற்றைச் சொல்லில் பேசுகிற பிள்ளை இங்கே முழு வாக்கியம் பேச ஆரம்பிப்பது அந்த இடைவெளியில்தான். "நோட்டில் ஒன்றும் எழுதவில்லையே, வீட்டுப்பாடம் கொடுங்கள்" என்று கேட்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், கொடுக்க மாட்டோம். மூன்றரை வயது விரலில் பென்சிலைத் திணித்து வரி வரியாக எழுத வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பள்ளி பக்கத்திலும் வேலை இருக்கிறது. எழுத்து தெரிந்து வருகிற பிள்ளையையும் முதல் வகுப்பில் மறுபடி "அ"விலிருந்து உட்கார வைத்தால் அது மூன்று மாதம் சும்மா இருக்கும், மற்றவர்கள் எட்டிப் பிடித்துவிடுவார்கள், முன்னிலை கரைந்துபோகும். அதனால் இந்த ஆண்டு முதல் வகுப்பு ஆசிரியர் பாலர் வகுப்பில் வந்து உட்கார்ந்து, யாருக்கு என்ன தெரியும் என்று குறித்துக்கொண்டு போவார்.

உங்கள் பக்கம் கேட்பது வருகை. "மாசத்துக்கு ரெண்டு நாள்தானே" என்று நிறுத்திவிடுகிறீர்கள். மாதம் இரண்டு நாள் என்றால் ஒன்பது மாதத்தில் 18 நாள். 180 பள்ளி நாளில் 18 நாள் போனால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. பல இடங்களில் அதையே நீடித்த வருகைக் குறைவு என்று கணக்கில் எடுக்கிறார்கள். வேலை மும்முரமான நாட்களில் பிள்ளையைக் கூட்டிப்போக ஆள் இல்லையென்றால் நிறுத்துவதற்கு முன் என்னிடம் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சேர்த்து அழைத்துவர வழி பார்ப்போம்.

பஸ் வராத பகுதியில் இருப்பவர்கள் இத்துடன் வரும் சீட்டின் பின்பக்கத்தில் வீட்டிலிருந்து சாலைக்கு எவ்வளவு தூரம், எந்த நிறுத்தம், வீட்டில் மூன்று நாலு வயதில் எத்தனை பிள்ளைகள் என்று எழுதிப் பெரிய பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். சிறிய வண்டி கேட்டு வட்டார அலுவலகத்துக்கு எழுத அந்தச் சீட்டுகள்தான் எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்