ரேடார் உறைமண்ணைப் பார்ப்பதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

இந்திய-அமெரிக்கக் கூட்டு ரேடார் செயற்கைக்கோளான நைசார் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ஆர்க்டிக் நிலத்தடியில் எவ்வளவு பனிக்கட்டி உருகியது என்பதை ரேடார் நேரடியாகக் காட்டிவிடும் என்கிறது. இது திருத்தப்பட வேண்டிய செய்தி. வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டு ரேடார் அளப்பது, தரை எத்தனை சென்டிமீட்டர் ஏறியது, இறங்கியது என்பதை. உருகலை அதிலிருந்து நாம்தான் கணக்கிட்டு எடுக்கிறோம். பிழை நுழைவதும் அங்கேதான்.

அலாஸ்காவின் வடகோடிச் சமவெளியில், உறைமண்ணுக்கு (ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் நிலத்துக்கு) மேலே உள்ள அரை மீட்டர் அளவிலான மண் கோடைதோறும் இளகுகிறது. பனிக்கட்டி நீராகும்போது கனஅளவு ஏறத்தாழ 8 விழுக்காடு சுருங்கும். அதனால் ஜூன் முதல் செப்டம்பருக்குள் தரை சில சென்டிமீட்டர் தாழ்ந்து, குளிர்காலத்தில் மீண்டும் எழும். ஓர் ஆண்டின் ஜூன் படத்தை அடுத்த ஆண்டின் செப்டம்பர் படத்தோடு சேர்த்தால், வந்துபோகும் இந்த இறக்கமும் நிரந்தரச் சரிவாகக் கணக்கில் ஏறிவிடும். நீண்டகால மாற்றம் வேண்டுமென்றால் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் கடைசியில் எடுத்த படங்களையே இணையாக்க வேண்டும். அப்போதும் அந்தந்தக் கோடையின் வெப்பத்தைச் சேர்த்துப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது.

ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் ரேடாரின் அலைநீளம் 5.6 செ.மீ. இரண்டு படங்களைச் சேர்த்து உருவாக்கும் வண்ணப்படத்தில் ஒரு முழு வண்ணச் சுற்று என்றால், தரைக்கும் செயற்கைக்கோளுக்கும் இடையிலான தூரம் 2.8 செ.மீ. மாறியிருக்கிறது. ரேடார் சாய்வாகப் பார்ப்பதால் இது செங்குத்து இறக்கம் ஆகாது. படுகோணம் (செங்குத்திலிருந்து ரேடார் கதிர் சாயும் கோணம்) 39 டிகிரி என்றால் அதன் கொசைன் மதிப்பான 0.78-ஆல் வகுக்க வேண்டும், 3.6 செ.மீ. வரும்.

அதிகம் சறுக்குவது ஆதாரப் புள்ளியில். இந்த முறையில் எல்லா அளவும் ஒப்பீட்டு அளவுதான்; அசையாத ஓர் இடத்தைப் பூச்சியமாக வைத்தே மற்றவற்றைப் படிக்கிறோம். பாறை வெளியே தெரிந்தால் நல்லது. பாறையே இல்லாத தூந்திரத்தில் (மரமற்ற துருவச் சமவெளியில்) ஆற்றுப்படுகையின் சரளைத் திட்டுகளைத் தேடிப் பிடிப்பார்கள். சரளையில் பனிக்கட்டி குறைவு, அதனால் அசைவும் குறைவு. இதைப் பாராமல் பாசி மூடிய ஈரத்தரையில் புள்ளி வைத்து, அந்த இடமே 2 செ.மீ. தாழ்ந்திருந்தால், படம் முழுக்க இறக்கத்தை 2 செ.மீ. குறைவாகக் காட்டும். படமோ அழகாகவே இருக்கும். தவறு நடந்ததற்கு அதில் ஒரு தடயமும் இராது.

பனியும் ஏமாற்றும். உலர்பனி அலையைத் தாமதப்படுத்துவதால் தரை தாழ்ந்ததுபோல் தெரியும். ஈரப்பனி அலையை விழுங்கிவிடும். பனி முழுவதும் கரையும்வரை காத்திருப்பதே வழி.

நைசாரின் எல்-பேண்ட் எனும் நீண்ட அலை ரேடாரின் அலைநீளம் 24 செ.மீ. புதர்களுக்கு ஊடாகவும், ஓராண்டு இடைவெளி இருந்தாலும், படங்கள் ஒன்றோடொன்று பொருந்துவது அதன் பெரும் பலம். 2007-இல் அலாஸ்காவின் அனக்டுவுக் ஆற்றுப் பகுதியில் சுமார் 1,000 சதுர கி.மீ. தூந்திரம் எரிந்தது. வெப்பத்தைத் தடுத்துவந்த பாசிப்படலம் கருகியதால் அங்கே தரை கூடுதலாகத் தாழ்ந்ததை ஜப்பானின் எல்-பேண்ட் ரேடார் படங்களே காட்டின. ஆனால் நீண்ட அலைக்கு அயனிமண்டலம் (மின்னேற்றத் துகள்கள் நிறைந்த மேல் வளிமண்டலம்) பகை. பாதிப்பு அலைநீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், சென்டினலைவிட ஏறத்தாழ 18 மடங்கு. துருவ ஒளி தோன்றும் வட்டாரத்தில் இது அன்றாடத் தொல்லை. அலைப்பட்டையை இரண்டாகப் பிரித்துக் கணக்கிட்டு இதைக் கழிக்காத படத்தை நம்ப வேண்டாம்.

கட்டுரை சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. நைசார் தன் பாதையின் இடப்பக்கம் மட்டுமே பார்க்கும். தென்துருவப் பக்கம் இதனால் நன்றாகக் கிடைக்கிறது. வடக்கில் அதன் பார்வையின் எல்லை ஏறத்தாழ 77.5 டிகிரி அட்சரேகை. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் இருப்பதோ ஏறக்குறைய 79 டிகிரியில். நம் ஆய்வாளர்கள் நின்று மண்ணின் வெப்பம் அளக்கும் அந்த நிலத்துக்கு, வலப்பக்கம் பார்க்கும் சென்டினல்-1 படங்களைத்தான் எடுத்தாக வேண்டும். அவை இலவசமாகவே கிடைக்கின்றன.

இப்படிக்கு,
தொலையுணர்வுத் துறை வாசகர்,
சென்னை