வேறு பானைச் சோறு

திருச்சி,
ஞாயிறு காலை

அன்புள்ள கயல்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. அங்கே குளிர் குறைந்ததா? கம்பளிக் காலுறை வாங்கச் சொன்னாளே, வாங்கினாயா?

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "அப்பா, உங்க சைட்ல கான்கிரீட் நல்லா இருக்கா இல்லையான்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?" என்று கேட்டாய். "கியூப் போடுவோம், லேபுக்கு அனுப்புவோம், ரிசல்ட் வரும்" என்றேன். நீயும் குறித்துக்கொண்டாய். கட்டடங்களை மதிப்பிடும் முறைகளைப் பற்றி மூன்று வருஷமாக ஆராய்ச்சி செய்கிற பிள்ளைக்கு, 34 வருஷம் சைட்டில் நின்ற அப்பன் சொல்ல வேண்டிய பதில் அது இல்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. போனில் சொல்ல வராது என்பதால் எழுதுகிறேன்.

கியூப் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். ஆனாலும் கையால் செய்தவன் சொல்வதைக் கேள். 15 சென்டிமீட்டர் இரும்பு அச்சு. உள்ளே எண்ணெய் தடவி, கான்கிரீட்டை மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் 16 மில்லிமீட்டர் கம்பியால் 35 குத்து குத்த வேண்டும். மேலே கரணையால் வழித்துவிட்டு ஈரச் சாக்கு போட்டு மூடுவோம். மறுநாள் அச்சைக் கழற்றி, தேதியும் எந்தத் தூண், எந்தத் தளம் என்பதும் எழுதித் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவோம். ஒரு கட்டி எட்டு கிலோ இருக்கும். 28-ஆம் நாள் அதை மெஷினில் வைத்து நசுக்குவார்கள். எம்-20 கான்கிரீட் என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன், அதாவது கட்டி மொத்தமாக 450 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். ஒழுங்காக வார்த்த கட்டி உடையும்போது நான்கு பக்கமும் பொரிந்து உதிர்ந்து, நடுவில் உடுக்கை மாதிரி நிற்கும். அதைப் பார்க்க எனக்கு அத்தனை பிடிக்கும்.

எங்கள் பாலிடெக்னிக் வாத்தியார் இதைச் சொல்லிக்கொடுத்தபோது, "பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், அவ்வளவுதான்டா" என்றார். எத்தனை சோறு என்பதற்கும் கணக்கு உண்டு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிப் புத்தகம் ஐ.எஸ். 456 சொல்வதுபடி 5 கன மீட்டர் வரை ஒரு சாம்பிள், 15 வரை இரண்டு, 30 வரை மூன்று, 50 வரை நான்கு. ஒரு சாம்பிளுக்கு மூன்று கட்டி. ஆக, 50 கன மீட்டருக்குப் பன்னிரண்டு கட்டி. அந்த 50 கன மீட்டர் கான்கிரீட் ஏறக்குறைய 120 டன். பன்னிரண்டு கட்டியும் சேர்ந்து நூறு கிலோகூட வராது. 120 டன்னுக்காக இந்த நூறு கிலோ சாட்சி சொல்கிறது.

இனிமேல் சொல்லப்போவதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னது கிடையாது.

1994. நீ பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்பு. எனக்கு 26 வயது. டெல்டா பக்கம் ஒரு ஊரில் பள்ளிக்கூடக் கட்டடம், தரையும் மேலே இரண்டு மாடியும். நான் ஒப்பந்தக்காரர் பக்கத்து சூப்பர்வைசர். அப்போது எம்-15 தான் பெரும்பாலும் போடுவோம். சிமெண்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு. முதல் கான்கிரீட் அன்றைக்குக் காலையிலேயே என் மேலாளர் தனியாகக் கூப்பிட்டு, "கியூபுக்கு மட்டும் தனியா ஒரு சட்டி கலந்துக்கோ, சிமெண்ட் தாராளமா போடு" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. எல்லா சைட்டிலும் நடப்பதுதான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மிக்சரிலிருந்து எடுக்காமல், இரும்புத் தகட்டின் மேல் கையால் கலந்தேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சித்தாள் அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தக் கட்டிக்கு மட்டும் ஏன் தம்பி இம்புட்டு சிமிட்டி?" என்று கேட்டார். "டெஸ்டுக்கு அக்கா" என்றேன். "அப்ப தூணுக்கு டெஸ்டு கிடையாதா?" என்றார். அவர் குத்தலாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு 35 குத்து எண்ணினேன்.

ஏழு மாதம் அப்படியே நடந்தது. சதுர மில்லிமீட்டருக்கு 15 நியூட்டன் வந்தால் போதும் என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் 23, 24 என்று வந்தது. ஒரு கட்டிகூட ஃபெயில் ஆகவில்லை. ரெஜிஸ்டரைப் பார்த்தவர்கள் எல்லோரும் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

அப்புறம் தூணுக்குள் என்ன போயிற்று? சிமெண்டைத் திருடினார்கள் என்று நான் சொல்லமாட்டேன், அதை நான் பார்க்கவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன். காலை பத்து மணிக்குக் கலவை நன்றாகவே இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு வெயில் ஏற ஏற ஜல்லி சுடும், கலவை இறுகும், சட்டி தூக்குகிறவர்களுக்குக் கை ஓயும். மிக்சர்க்காரர் ஒரு வாளி தண்ணீர் கூட ஊற்றுவார். கலவை இளகி வழுக்கிக்கொண்டு போகும், எல்லோருக்கும் வேலை சுலபம். அந்த ஒரு வாளிதான் கான்கிரீட்டின் பலத்தைத் தின்கிறது. கியூப் நேர்மையாக எடுத்திருந்தால் மூன்று மணிக் கலவை 28-ஆம் நாள் காட்டிக்கொடுத்திருக்கும், அடுத்த வாரமே வாளியை நிறுத்தியிருப்போம். அதற்காகத்தான் அந்தச் சோதனையே இருக்கிறது. நான் அதன் வாயை அடைத்துவிட்டேன். நான் காட்டிய சோறு வேறு பானையில் வெந்தது.

இருபது வருஷம் இதை நினைக்காமலே இருந்தேன். 2014 ஜூன் 28 சாயங்காலம் மழையோடு மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் விழுந்தது. 61 பேர் போனார்கள். பலர் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். அப்போது நீ பிளஸ் ஒன், டி.வி.யை அணைக்கச் சொல்லி நான் கத்தினேன், ஞாபகம் இருக்கிறதா? உன் மேல் கோபம் இல்லை, கண்ணு. அந்த அக்காவின் கேள்வி காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுவாரம் வேலை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இடைவேளை மணி அடித்துப் பிள்ளைகள் வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தூணில் கம்பி போகிற வாக்கில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு, அதன் ஓரமாகத் துருக்கறை இறங்கியிருந்தது. ஒரு சின்னப் பையன் அந்தத் தூணைக் கட்டிப்பிடித்துச் சுற்றிக்கொண்டு விளையாடினான். தலைமை ஆசிரியர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு தாளை எடுத்துக் கொடுத்து, "எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க, நான் மேலே அனுப்புறேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

நாலு மாதம் கழித்து ஆட்கள் வந்தார்கள். நானும் போய் நின்றேன். நீ படித்திருக்கும் ரீபவுண்ட் ஹாமர், தூணில் அடித்து எவ்வளவு எகிறுகிறது என்று பார்ப்பது; அப்புறம் அல்ட்ராசானிக், தூணுக்குள் ஒலியைச் செலுத்திப் பார்ப்பது. அப்போதைய கணக்குப்படி ஒலி வினாடிக்கு 3.5 கிலோமீட்டருக்கு மேல் போனால் கான்கிரீட் நல்லது, 3-க்குக் கீழே போனால் சந்தேகம். ஒரு தூணில் 4 காட்டியது, பக்கத்துத் தூணில் 2.8. ஒரே வாரத்தில் வார்த்த தூண்கள்! ரெஜிஸ்டரில் இரண்டுக்கும் 24. நாலு தூண்களுக்குச் சுற்றிக் கூடுதல் கம்பி கட்டிப் புதுக் கான்கிரீட் போட்டார்கள். அது முடிகிறவரை அந்த வகுப்புகள் வேறு கட்டடத்தில் நடந்தன. கட்டடம் இன்றைக்கும் நிற்கிறது.

லண்டனில் தீப்பிடித்து எரிந்த குடியிருப்புக் கட்டடம் கிரென்ஃபெல் டவரைப் பற்றி நீ சொன்னபோது எனக்கு இதுதான் நினைவு வந்தது. 2017 ஜூன் 14, 24 மாடி, 72 பேர். நீ அனுப்பிய விசாரணை அறிக்கையின் பகுதிகளை மாடி வீட்டுத் தம்பியை வைத்துக்கொண்டு படித்தேன். வெளிச்சுவரில் வைத்த வெப்பத்தடுப்புப் பலகையை 2014-இல் சோதனை செய்தபோது, சோதனைச் சுவருக்குள் தீயைத் தடுக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பலகைகளையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள், அதை அறிக்கையில் எழுதவில்லை என்று படித்ததும் மேற்கொண்டு படிக்க முடியவில்லை. எவ்வளவு பெரிய நாடு, எத்தனை பெரிய சோதனைக்கூடம். செய்தது நான் தகட்டின் மேல் செய்த அதே காரியம்.

சரி, உன் ஆராய்ச்சிக்கு வருகிறேன். உன் நாலாவது அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தேன். 1990-இல் இங்கிலாந்தில், கட்டடம் சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு உகந்தது என்று மதிப்பிடும் பிரீயம் முறை தொடங்கியதிலிருந்து கட்டடங்களுக்கு மதிப்பெண் போடும் முறைகள் எப்படி வளர்ந்தன என்பதை அழகாக எழுதியிருக்கிறாய். கட்டி முடித்துக் குடிபோன பிறகு 23 கட்டடங்களுக்குத் திரும்பப் போய்ப் பார்த்தார்களே, அந்த ப்ரோப் ஆய்வு, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. சாவியைக் கொடுத்ததும் கட்டடத்தை மறந்துவிடுகிற தொழில் எங்களுடையது. திரும்பிப் போய்ப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே ஆறுதல்.

ஆனால் உன் அட்டவணைகளில் ஒரு குறை தெரிகிறது. எதை அளப்பது, எந்தக் கருவியால் அளப்பது, எதற்கு எத்தனை மதிப்பெண், எல்லாம் இருக்கிறது. சாம்பிளை எடுத்தது யார், எந்தக் கலவையிலிருந்து, எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதற்கு இடமே இல்லை. சாம்பிளை எடுக்கிறவனும் அந்த ரிசல்ட்டால் பில் பாஸ் ஆகிறவனும் ஒரே ஆளாக இருந்தால் அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு? கியூப் சோதனையில் குற்றம் கிடையாது, கயல். அது நல்ல சோதனை. கியூப் ரிசல்ட் சந்தேகமாக இருந்தால் தூணிலேயே துளைபோட்டுக் கோர் எடுத்துப் பார்க்கச் சொல்கிற அதே ஐ.எஸ். 456, மூன்று கோர்களின் சராசரி வேண்டிய பலத்தில் 85 சதவீதம் வந்தால் போதும், எதுவும் 75-க்குக் கீழே போகக்கூடாது என்கிறது. அச்சில் வார்த்ததும் தூணில் இறங்கியதும் ஒன்றாக இருக்காது என்று எழுதினவர்களுக்கே தெரியும். ஹாமர் சோதனையில் 25 சதவீதம் முன்னேபின்னே இருக்கலாம் என்றும் அந்தச் சோதனைக்கு அப்போதிருந்த விதிப் புத்தகம் ஐ.எஸ். 13311 வெளிப்படையாகவே சொன்னது. தன் குறையைச் சொல்கிற முறையை நம்பலாம்.

இன்னொன்று. ரிசல்ட் குறைவாக வந்தால் எல்லோரும் பதறுகிறார்கள். ரொம்ப ஒழுங்காக வந்தால் யாரும் கேட்பதில்லை. நிஜமான கான்கிரீட் ஏறி இறங்கும். ஐப்பசியில் மணல் ஈரமாக இருக்கும், சித்திரையில் தண்ணீர் ஆவியாகும், புது மிக்சர்க்காரர் வந்தால் மாறும். ஏழு மாதமும் 23, 24 என்று கோடு போட்ட மாதிரி வந்த என் ரெஜிஸ்டரை, கணக்குத் தெரிந்த ஒருவர் பத்து நிமிஷம் பார்த்திருந்தால் பிடித்திருப்பார். உனக்கு அந்தக் கணக்கு தெரியும். நூறு சைட்டுகளின் ரெஜிஸ்டரை வாங்கிப் பார், எதில் ஏற்ற இறக்கமே இல்லையோ அங்கே முதலில் போ.

அப்புறம் அந்தத் தாமஸ் சாட்டி முறை. காரணிகளை இரண்டிரண்டாக எடுத்து, இதைவிட அது எவ்வளவு முக்கியம் என்று 1 முதல் 9 வரை போடச் சொல்லி நிபுணர்களிடம் கேட்டிருக்கிறாய். முறை எனக்குப் புரிந்தது, பிடித்தும் இருக்கிறது. 18 பேர் பட்டியலையும் பார்த்தேன். ஆர்க்கிடெக்ட், கன்சல்டன்ட், புராஜெக்ட் மேனேஜர். ஒரு கம்பி கட்டுகிறவர் இல்லை, ஒரு கொத்தனார் இல்லை, ஒரு சித்தாள் இல்லை. 1994-இல் அந்த சைட்டில் சரியான கேள்வி கேட்ட ஒரே ஆள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர். கேள்வித்தாளை அவர்களால் படிக்க முடியாது என்றால் நீ பக்கத்தில் உட்கார்ந்து பேசி நிரப்பு. பொங்கலுக்கு வரும்போது நானே உன்னை சைட்டுக்குக் கூட்டிப்போகிறேன். என்னோடு வேலை பார்த்த கொத்தனார் இரண்டு பேர் இன்னமும் இருக்கிறார்கள், மணிக்கணக்கில் பேசுவார்கள்.

அந்த வருஷத்து டைரி என்னிடம் இருக்கிறது. எந்தத் தேதியில் எந்தத் தூண், எத்தனை மூட்டை, எத்தனை கியூப் என்று எல்லாம் என் கையெழுத்தில் உண்டு. தனியாகக் கலந்த நாட்களில் ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். ஏன் வைத்தேன் என்று எனக்கே இப்போது சொல்லத் தெரியவில்லை. மாடி வீட்டுத் தம்பி போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறான். ஆய்வில் சேர்ப்பதாக இருந்தால் பள்ளிக்கூடத்தின் பெயரையும் ஊரையும் எடுத்துவிடு, அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள். என் பெயர் இருக்கட்டும். கியூப் வார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான்.

டைரியின் மூன்றாவது பக்கத்தில் மழைத்தண்ணீர் பட்டு ஒரு வரி கரைந்திருக்கிறது. அது வராந்தாவின் மூன்றாவது தூண், கியூப் எண் 14. மற்றதெல்லாம் தெளிவாகப் படிக்கலாம்.

அன்புடன்,
அப்பா